ராசி டாலரா, ஹோரஸ் கண்ணா?

எகிப்து பாணி நகை வாங்கப் போனால் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று, பிறந்த தேதிக்கு ஏற்ப ஐசிஸ், அனுபிஸ், தோத் என ஒரு தெய்வம் பொறித்த ராசி டாலர். மற்றது ஹோரஸ் கண் தாயத்து.

டாலர் அழகுதான். ஆனால் பிறந்த தேதிகளைத் தெய்வங்களுக்குப் பங்கிடும் இந்த முறை பழைய எகிப்தில் இல்லை, இக்காலத்தில் உருவானது. பழைய எகிப்தியர்கள் வானத்தை 36 விண்மீன் குழுக்களாகப் பிரித்து, அவற்றைக் கொண்டு இரவில் நேரம் கணித்தார்கள். மேஷம், ரிஷபம் எல்லாம் பாபிலோனில் பிறந்து, கிரேக்கர் ஆண்ட காலத்தில்தான் அங்கே வந்தன. எகிப்தின் தெந்தேராவில் ஹாத்தோர் என்ற பெண் தெய்வத்தின் கோயிலில் இருந்த ராசிவட்டம்கூட கி.மு. 50 வாக்கில் செதுக்கியதே. 1821இல் அதைப் பெயர்த்து பிரான்சுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்; இன்றும் லூவர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. கோயிலில் இருப்பது நகல். இது எனக்குத் தீராத வருத்தம்.

ஹோரஸ் கண்ணின் கதையே வேறு. சேத் என்ற தெய்வத்துடன் நடந்த சண்டையில் சிதைந்து, பிறகு குணமான, ஹோரஸ் என்ற தெய்வத்தின் கண் அது. அதன் எகிப்தியப் பெயருக்கே ‘முழுமையானது’ என்றுதான் பொருள். உயிரோடு இருப்பவர்களும் அணிந்தார்கள், மம்மிகளின் துணிச்சுற்றுக்குள்ளும் வைத்தார்கள். பொன்னில் மட்டுமா? நீலப்பச்சை மெருகிட்ட, பீங்கான் போன்ற மலிவான பயான்ஸிலும் செய்ததால் எளியவர் கழுத்திலும் தொங்கியது.

என் தேர்வு கண்தான். ராசிதான் வேண்டும் என்பவர்கள், சரி, தெந்தேரா வட்டத்தில் உள்ள தங்கள் ராசி உருவத்தையே பொறித்து வாங்கலாம்.