வன்னி நூலக மேசையிலிருந்து கோஹா 24.11: ஒரு மதிப்பீடு

கோஹா நூலக முகாமைத்துவ மென்பொருள் ஆண்டுக்கு இரு தடவை, மே மாதத்திலும் நவம்பர் மாதத்திலும், புதிய பதிப்பாக வெளிவருகின்றது; 24.11 என்றால் 2024 நவம்பர்ப் பதிப்பு. ஒவ்வொரு பதிப்போடும் நீண்டதொரு புதுமைப் பட்டியலும் வருகின்றது. அந்தப் பட்டியலின் முதல் வரிகளில் பெருமையோடு நிற்பவை, வன்னியிலுள்ள ஒரு பிரதேச சபை நூலகத்துக்குப் பெரும்பாலும் கடைசித் தேவைகளாகவே அமைகின்றன. எமக்கு உண்மையிலே கைகொடுப்பவை சில ஆண்டுகளுக்கு முன்னரே சத்தமின்றிச் சேர்க்கப்பட்டு, இன்றுவரை பலர் திறந்தும் பாராத வசதிகளாக இருக்கின்றன. ஒரு பிரதான நூலகத்தையும் அதன் கீழ் இயங்கும் கிராம வாசிகசாலைகளையும் மனத்தில் வைத்தே, நீண்டகால ஆதரவுப் பதிப்பாகிய 24.11ஐ இங்கு எடைபோடுகிறேன்.

கோஹா பிறந்த இடமும் ஒரு நாட்டுப்புறமே. நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலக நிதியத்திடம் அப்போதிருந்த மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்தபோது, கட்டிப்போ என்ற சிறு நிறுவனம் அதற்கென எழுதிக்கொடுத்த நிரல் இது. 2000 ஜனவரியில் பாவனைக்கு வந்து, பின்னர் திறந்த மூல உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் விடப்பட்டது. கிளை நூலகங்களைச் சாதாரணத் தொலைபேசி இணைப்பின் வழியாக இணைக்க வேண்டியிருந்ததால், உலாவியொன்று இருந்தாலே போதும் என்ற வடிவில் அதை அமைத்தார்கள். அந்த இயல்பு இன்றும் மாறவில்லை. பிரதான நூலகத்தில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய ஒரு கணினியைச் சேவையகமாக வைத்துவிட்டால், மேசையிலுள்ள பழைய கணினிகள் எதுவானாலும் அதனோடு பேசும். வெளி இணையம் அறுந்தாலும் உள்ளக வலையமைப்பில் இரவல் வழங்கல் நிற்பதில்லை. மின்சாரம் நின்றால்தான் சிக்கல்; அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் கண்ணில் படுவது பணியாளர் பக்கத்தின் தோற்றம். 22.11 பதிப்பில் இது முழுமையாக மாற்றியமைக்கப்பட்டது. பொத்தான்கள் தெளிவாகிவிட்டன, பழைய பதிப்பில் பழகிய கை முதலில் தடுமாறும், பிறகு பழகிவிடும். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அதே பதிப்போடு வந்த மின்வள முகாமைத்துவப் பகுதி, சந்தா செலுத்திப் பெறும் மின்னிதழ்கள், அவற்றின் ஒப்பந்தங்கள், உரிமங்கள் ஆகியவற்றைப் பதிவதற்கானது. வவுனியாப் பல்கலைக்கழகமோ, கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களோ இதனால் பயன்பெறலாம். நாளிதழ் வாங்கவே பாதீட்டில் கணக்குப் பார்க்கும் வாசிகசாலைக்கு இது அவசியமில்லை. அமைப்புப் பக்கத்தில் அணைத்து வைத்துவிடுவதே நல்லது.

இரு படிநிலை உள்நுழைவு 22.05இல் வந்தது. கடவுச்சொல்லோடு கைத்தொலைபேசிச் செயலி காட்டும் இலக்கத்தையும் பணியாளர் கொடுக்க வேண்டும். அந்த இலக்கம் நேரத்தை வைத்துக் கணிக்கப்படுவதால், தொலைபேசியில் சமிக்ஞையோ டேட்டாவோ இல்லாமலும் செயற்படும். சமிக்ஞை தேடி முற்றத்துக்கு ஓடவேண்டிய ஊர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் சேவையகத்தின் கடிகாரம் சரியாக இருக்கவேண்டும். இணையமில்லாத சேவையகம் நாளடைவில் நேரம் பிந்தினால் எவருமே உள்ளே போகமுடியாமற் போகும். அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கமும் முகவரியும் இக்கணினியில் இருப்பதாலும், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்போது நாட்டில் இருப்பதாலும், இவ்வசதியை நான் வரவேற்கிறேன். எனினும் ஒரே பயனர் பெயரை மேசையில் இருக்கும் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இருக்கும்வரை இதைச் செயற்படுத்த முடியாது. ஆளுக்கொரு கணக்கு என்ற ஒழுங்கு முதலில் வரட்டும்.

22.05இல் வந்த மற்றொரு வசதி மீளழைப்பு. வழக்கமான முன்பதிவில், இரவல் போன நூல் தன் தவணை முடிந்து திரும்பும்வரை அடுத்தவர் காத்திருக்கவேண்டும். மீளழைப்பில், இரவல் பெற்றவருடைய தவணையே சுருக்கப்பட்டு அவருக்கு அறிவித்தல் அனுப்பப்படும். உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில், ஒரே ஒரு பிரதியாக இருக்கும் இரசாயனவியல் நூலுக்காகப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது இதன் அருமை தெரியும். ஆனால் அறிவித்தல் போய்ச் சேராவிட்டால் இது அநியாயமாக மாறிவிடும். மின்னஞ்சல் பார்க்காத ஒரு மாணவிக்குத் தவணை சுருங்கியதே தெரியாமல் தண்டப்பணம் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே மீளழைப்பை இயக்கும் நூலகம், அங்கத்தவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் பொறுப்பையும் ஏற்கவேண்டும்.

குறுஞ்செய்தி இருக்கிறதே என்று கேட்கலாம். கோஹாவில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி உண்டு. ஆனால் அது தொலைபேசி நிறுவனத்தின் சேவையோடு இணைக்கும் ஒரு சிறு நிரலை எதிர்பார்க்கின்றது. அதை அமைக்கத் தெரிந்த ஒருவரும், செய்திக் கட்டணத்துக்குச் சபையின் அனுமதியும் வேண்டும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் 160 எழுத்துக்கள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறியீடுகளோடு நிறைந்துவிடும். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். கோஹாவோடு வரும் அறிவித்தலை அப்படியே நீட்டி மொழிபெயர்த்தால் ஒரு நினைவூட்டல் மூன்று செய்திகளின் விலைக்குப் போகும். நூலின் பெயர், தவணைத் திகதி, நூலகத்தின் பெயர் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். அங்கத்தவரின் விருப்ப மொழிக்கேற்ப அறிவித்தலை வேறுவேறாக எழுதி வைக்கும் வசதி வவுனியா போன்று இரு மொழியினரும் கலந்து வாழும் இடத்துக்கு மிகப் பொருத்தமானது.

இனி, பட்டியலின் அடியில் கிடக்கும் இரண்டு வசதிகள். இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியவையும் இவையே.

ஒன்று, வீட்டுக்கே நூல் கொண்டுசெல்லும் சேவைக்கான பகுதி. இது 16.11 முதலே இருக்கின்றது. நூலகத்துக்கு வரமுடியாத அங்கத்தவருக்கு ஒரு தனி விபரக்குறிப்பை உருவாக்கி, எந்தக் கிழமை, எத்தனை நாளுக்கொருமுறை, எவ்வகை நூல்கள் விருப்பம் என்று பதிந்து வைக்கலாம். அவருக்காக நூல்களைத் தெரிந்தெடுப்பவர் யார், கொண்டுசென்று கொடுப்பவர் யார் என்பதை ஒவ்வொரு வருகைக்கும் குறிக்கலாம். போரில் கால்களை இழந்தோரும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்போரும், தனித்து வாழும் முதியோரும் எமது கிராமங்களில் எத்தனை பேர் என்பதை இங்கு வாழ்வோருக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களில் வாசிப்பவர்கள் பலர். இவர்களுக்கு நூல் போய்ச்சேர்வது இதுவரை யாரோ ஒரு பணியாளரின் நல்ல மனத்தையும் நினைவாற்றலையும் நம்பியே நடந்திருக்கின்றது; அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அத்தோடு அதுவும் நின்றுவிடும். கோஹாவின் இப்பகுதி அந்த நல்லெண்ணத்தைப் பதிவாக்கிவிடுகின்றது. இதில் குறையும் உண்டு. எந்த ஒழுங்கையால் போய் எந்த வீட்டில் முதலில் இறங்குவது என்று வழி வகுத்துத் தராது. கொண்டுபோகும் நூல்களை மேசையில் வழமைபோல இரவற் பதிவு செய்தாக வேண்டும். சைக்கிளில் போகும் ஒருவருக்கு அச்சிட்ட ஒரு தாளே போதும் என்பதால் இவற்றை நான் பெருங்குறையாகக் கருதவில்லை.

மற்றையது நூற்சுழற்சி, 18.11இல் சேர்ந்தது. ஒரு சுழற்சித் திட்டத்தை உருவாக்கி, முதலாவது வாசிகசாலையில் இத்தனை நாள், பிறகு இரண்டாவதில் இத்தனை நாள் என்று படிகளை வகுத்து, நூல்களை அதில் சேர்த்துவிட்டால், தவணை வந்ததும் எந்த நூல் எங்கே போகவேண்டும் என்ற பட்டியலைக் கோஹா தானே தயாரிக்கும். சுற்று முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவும் செய்யலாம். புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், பூநகரி போன்ற பரந்த பிரதேசங்களில் ஒவ்வொரு வாசிகசாலைக்கும் தனித்தனியே சிறுவர் நூல் வாங்கப் பணம் கிடையாது. ஒரே அலுமாரியை ஆண்டுக்கணக்கில் பார்த்துச் சலித்த பிள்ளைகள் பிறகு வருவதையே விட்டுவிடுகிறார்கள். வாங்கும் நூல்களைச் சுழலவிட்டால் ஒரு பிரதி பல ஊர்ப் பிள்ளைகளின் கைக்குப் போகும். முன்னரும் பெட்டியில் நூல்களை அனுப்பினோம். எது எங்கே நின்றது என்ற கணக்குத்தான் கணக்காய்வு நேரத்தில் தலையிடியாகியது. அந்தத் தலையிடிக்கு இது மருந்து. நூலேற்றிச் செல்லும் வாகனத்தைக் கோஹா தராது என்பது வேறு விடயம்.

வருடாந்த நூற்கணக்கெடுப்புக்கும் இதே மென்பொருள் நன்றாகவே உதவுகின்றது. அலுமாரி அலுமாரியாகப் பட்டைக்குறியீடுகளை வாசித்து ஒரு கோப்பாக ஏற்றினால், காணாமற்போனவையும் இடம் மாறி நிற்பவையும் தனித்தனியே வந்துவிடும். தண்டப்பணத்துக்குப் பற்றுச்சீட்டு அச்சிடும் வசதியும் உண்டு. ஆனால் சபையின் உத்தியோகபூர்வப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை அது மாற்றீடு செய்யாது என்பதால் இரண்டு வேலையாகிவிடுகின்றது.

23.11இல் வந்த பாதுகாப்புப் பிரிவு, சிதைந்த நூல்களைக் காத்திருப்புப் பட்டியலில் சேர்த்து, தொகுதி தொகுதியாகச் செப்பனிட அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப்பட்டது என்பதைப் பதிகின்றது. ஏடுகளும் பழைய சஞ்சிகைகளும் வைத்திருக்கும் நூலகங்களுக்கு இது நல்ல கருவி. 2009க்கு முந்திய சேர்க்கைகளில் அதிகம் மிஞ்சாத எம்போன்ற இடங்களில் அதற்குள் போடச் சொற்பமே இருக்கின்றது. ஒரு பொருளைக் குறித்த நாட்களுக்கு முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் வசதியும் அண்மையில் வந்துள்ளது. அதனால் நூலைவிட, வாசிப்பு மாதத்தில் பாடசாலைகள் மாறிமாறிக் கேட்கும் ஒளிப்படக்கருவிக்கும் ஒலிபெருக்கிக்குமே கூடிய பயன்.

எத்தனை வசதி இருந்தாலும், வாசகர் தமிழில் தட்டச்சு செய்து தேடும்போது நூல் அகப்படாவிட்டால் எல்லாம் வீண். கோஹாவோடு இயல்பாக வரும், தேடலுக்கான சொற்சுட்டைத் தயாரிக்கும் ஸீப்ரா என்ற சுட்டுப்பொறியின் வழமையான அமைப்பு இலத்தீன் எழுத்துக்களை எண்ணி உருவானது. அதை, யுனிகோட் எழுத்துக்களைக் கையாளும் ஐ.சி.யு. முறைக்கு மாற்றி, சுட்டை முழுவதும் மீளக் கட்டியெழுப்பினால்தான் தமிழ்த் தேடல் ஒழுங்காக நடக்கும். நிறுவித் தருவோர் பலர் இதைச் செய்யாமலே போய்விடுவதுண்டு. ஆகவே பணம் கொடுக்கும் முன்னர் தமிழில் தேடிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எலாஸ்டிக்சேர்ச் என்ற மாற்றுப் பொறி கூடிய திறன் கொண்டது, ஆனால் அதற்கு நினைவகம் அதிகம் வேண்டும்; பழைய கணினியொன்றைச் சேவையகமாக்கும் நூலகம் ஸீப்ராவோடு நிற்பதே சரி. எதை வைத்தாலும் வேற்றுமை உருபுகளைக் கோஹா பிரித்தறிவதில்லை. ‘நூலகம்’ என்று தேடினால் ‘நூலகத்தின்’ என்று தலைப்பில் உள்ள நூல் வராது. ‘நூலக’ என்று நிறுத்தி உடுக்குறி (*) இட்டால் இரண்டும் வரும். சொல்லின் வால்பகுதியைத் தானாகவே திறந்துவிடும் தெரிவொன்று அமைப்புப் பக்கத்தில் இருக்கின்றது. தமிழ் நூலகங்கள் அதை இயக்கி வைக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழைய நூற்பட்டியல் எக்செல் தாளில் பாமினி எழுத்துருவில் இருந்தால், முதலில் அதை யுனிகோட்டுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றிகள் பெரும்பாலும் நன்றாகச் செய்தாலும், ஆங்கில எழுத்துக் கலந்த கலங்களைக் குழப்பிவிடும். வெளிநாட்டு நூலகங்களிலிருந்து பதிவை இறக்கிக்கொள்ளும் வசதி ஆங்கில நூல்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும்; தமிழ் நூல்களுக்கு வரும் பதிவோ பெரும்பாலும் உரோம எழுத்தில் இருக்கும், தலைப்பைத் தமிழில் மறுபடியும் எழுதவேண்டும். இடைமுகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு முழுமையடையவில்லை. வெப்லேட் தளத்தில் எவரும் பங்களிக்கலாம். நூலின் முதுகில் ஒட்டும் சிட்டையில் தமிழ்த் தலைப்பை அச்சிட மெனக்கெட வேண்டாம். வகுப்பெண்ணும் பட்டைக்குறியும் போதும்.

மின்தடைக்கு வருகிறேன். முன்னர் கோஹாவுக்குள்ளேயே, இணைப்பற்ற நேரத்தில் உலாவியில் இரவல் பதியும் ஒரு பக்கம் இருந்தது. அதற்கு ஆதாரமான தொழில்நுட்பத்தை உலாவிகள் கைவிட்டுவிட்டதால் அதை இனி நம்ப இயலாது. விண்டோசில் இயங்கும் தனியான சிறு நிரல் ஒன்று இருக்கின்றது. மடிக்கணினியில் அதில் இரவலும் மீளளிப்பும் பதிந்து, மின்சாரம் வந்த பின்னர் அக்கோப்பைச் சேவையகத்தில் ஏற்றலாம். ஆனால் அங்கத்தவருக்குத் தண்டம் இருக்கிறதா, நூலுக்கு முன்பதிவு இருக்கிறதா என்பது அந்த நேரத்தில் தெரியவராது. சேவையகத்துக்கு மின்கலச் சேமிப்பு ஒன்று வாங்கித் தரும்படி சபையிடம் கேட்பதே இதைவிட மேலானது. திடீரென்று மின்சாரம் போனால் தரவுத்தளம் பழுதாகவும் கூடும்.

மென்பொருள் இலவசம், பராமரிப்பு இலவசமல்ல. லினக்ஸ் தெரிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இல்லாத நூலகம் இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஏற்கெனவே 22.11 வைத்திருப்போர் 24.11க்கு மாறலாம். மாறும்போது, மென்பொருட் பொதிகளைச் சேவையகம் இறக்கிக்கொள்ளும் பொதியிடத்தின் பெயராக ‘ஸ்டேபிள்’ என்று எழுதாமல் 24.11 என்ற எண்ணையே எழுதவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வழமையான புதுப்பித்தலின்போது கேட்காமலே மேலான பதிப்புக்குத் தாவிவிடும். முதல்நாள் மாலையில் தரவுகளை முழுதாகப் படியெடுத்து ஒரு வெளி வன்தட்டில் வைத்து, நூலகம் பூட்டியிருக்கும் நாளில் புதுப்பிப்பை ஓட்டி, முடிந்ததும் ஐ.சி.யு. அமைப்பு அப்படியே இருக்கிறதா என்று பார்த்து, தமிழ்ச் சொல்லொன்றைத் தேடிச் சரிபார்த்த பிறகே மறுநாள் மேசையைத் திறக்கவேண்டும்.