கொழுப்பு மாத்திரையால் கால் குடைச்சல்: நிறுத்துவதா, குறைப்பதா, மாற்றுவதா?

மருந்துக்கடைக் கல்லாவில் இருப்பவனுக்கு யார் எந்த மாத்திரையை விட்டுவிட்டார்கள் என்பது டாக்டருக்கு முன்பே தெரிந்துவிடும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிய ஓர் அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, கொழுப்பு மாத்திரை ரெண்டு மாசமா வாங்கலையே?" "அதைப் போட்டா தொடையெல்லாம் குடையுது தம்பி. பூண்டு சாப்பிட்டாலே போதும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க" என்றார். அவருக்கு ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

அவர் தேர்ந்தெடுத்த வழியையே முதலில் பார்ப்போம். மாத்திரையை நிறுத்தினால் வலி போய்விடுமா? பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையை விட்டுவிட்ட 60 பேரை வைத்து இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2020-இல் வெளியானது. சில மாதம் அட்டார்வாஸ்டாடின் என்ற ஸ்டாட்டின் 20 மி.கி., சில மாதம் அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை. இரண்டில் எந்த மாத்திரை எப்போது என்று அவர்களுக்குத் தெரியாது. தொந்தரவுக்குத் தினமும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். எதுவும் சாப்பிடாத மாதங்களில் சராசரி 8, வெற்று மாத்திரைக்கு 15.4, நிஜ மாத்திரைக்கு 16.3. வலி பொய்யல்ல, ஆனால் அதில் பெரும்பங்கு 'மாத்திரை போடுகிறோம்' என்பதிலிருந்தே வந்திருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டுப் பெரியவரிடம் சொல்லிவிடாதீர்கள். மருந்தால் நிஜமாகவே தசை வலி வருகிறவர்களும் சிலர் உண்டு.

தாங்க முடியாத தசைவலி, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி, சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போவது ஆகியவை தனிக் கணக்கு. மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது அரிதுதான், ஆனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மற்றவர்களுக்கு டாக்டரே ஓரிரு வாரம் நிறுத்திப் பார்க்கச் சொல்வார், தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. ரத்தப் பரிசோதனையும், தைராய்டு பரிசோதனையும் எழுதுவார். தைராய்டு குறைவாக இருந்தாலும் இதே குடைச்சல் வரும். இடையில் வேறு டாக்டர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோ, படர்தாமரைக்கு இட்ராகொனசோலோ கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இவை அட்டார்வாஸ்டாடினை ரத்தத்தில் தேங்க வைக்கும்.

அடுத்த வழி, அளவைக் குறைப்பது. பலர் இதைத் தோல்வி போல நினைக்கிறார்கள். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கெட்ட கொழுப்பு கூடுதலாகச் சுமார் 6 சதவீதம்தான் இறங்கும். ஆக 40-லிருந்து 20-க்கு வந்தால் இழப்பும் அவ்வளவுதான். ஆனால் 40 மி.கி. மாத்திரையைக் கத்தியால் பிளந்து சாப்பிடாதீர்கள். நடுவில் கோடு இல்லாத மாத்திரை ஒழுங்காக உடையாது. டாக்டரிடம் 20 மி.கி. என்றே எழுதி வாங்குங்கள்.

மருந்தையே மாற்றுவது மூன்றாவது வழி. ஓர் ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது சகஜம். ரோசுவாஸ்டாடின் 5 மி.கி. கிட்டத்தட்ட அட்டார்வாஸ்டாடின் 10-க்கும் 20-க்கும் இடையிலான வேலையைச் செய்யும். ஆசியர்களின் ரத்தத்தில் ரோசுவாஸ்டாடின் கூடுதலாகச் சேர்வதால், அமெரிக்காவிலேயே ஆசிய வம்சாவளியினருக்கு 5 மி.கி.யில் தொடங்கச் சொல்கிறார்கள். நம்மில் சிலரை எடுத்த எடுப்பிலேயே 20-இல் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த மருந்து உடலில் நீண்ட நேரம் தங்குவதால், தினமும் முடியாதவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும் டாக்டர்களும் உண்டு.

என் ஓட்டு விழுவது நான்காவதற்கு: குறைந்த ஸ்டாட்டினோடு எசெட்டிமைப் 10 மி.கி. ஸ்டாட்டின் கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியைக் குறைக்கிறது. எசெட்டிமைப் குடலிலேயே உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. தென்கொரியாவில் ஏற்கெனவே இதய ரத்தக்குழாய் நோய் வந்த 3,780 பேரில் ஒரு பாதிக்கு ரோசுவாஸ்டாடின் 20, மறுபாதிக்கு ரோசுவாஸ்டாடின் 10 + எசெட்டிமைப் 10 கொடுத்தார்கள். 2022-இல் வந்த முடிவில், 3 ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகளைத் தடுப்பதில் இரண்டாவது கூட்டம் பின்தங்கவில்லை. ஒத்துக்கொள்ளாமல் மருந்தை நிறுத்தியவர்களோ குறைத்தவர்களோ 20 மி.கி. கூட்டத்தில் 8.2 சதவீதம், கலவையில் 4.8. இரண்டும் ஒரே மாத்திரையாகவே கிடைக்கிறது என்பதால் எண்ணிக்கையும் கூடாது.

எந்த ஸ்டாட்டினும் ஆகவே ஆகாதென்றால் பெம்பெடோயிக் ஆசிட் 180 மி.கி. இருக்கிறது. இது கல்லீரலுக்குள் போன பிறகுதான் உயிர்பெறும், தசையில் வேலை செய்யாது. ஸ்டாட்டின் தாங்காத 13,970 பேரிடம் நடந்த ஆய்வில் (2023) இதயப் பாதிப்புகள் 13 சதவீதம் குறைந்தன. யூரிக் ஆசிட் ஏறும். கவுட் (யூரிக் ஆசிட்டால் வரும் மூட்டுவலி) உள்ளவர்கள் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். ஊசிகளான எவலோகுமாப், இன்கிளிசிரான் கொழுப்பைப் பாதிக்கு மேலும் குறைக்கும்தான், ஆனால் விலையைக் கேட்டால் நம்மில் பலருக்கு அங்கேயே நெஞ்சு வலிக்கும்.

இனி அந்த அக்காவின் பூண்டு. ரசத்தில் போடுங்கள், தவறே இல்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது மாத்திரைக்கு ஈடாகாது. இணையத்தில் 'இயற்கை' என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி இன்னும் வேடிக்கை. அதிலிருக்கும் மோனகோலின் கே என்பது லோவாஸ்டாடின்தான். ஜப்பானின் அகிரா எண்டோ 1979-இல் அந்த அரிசியைச் சிவப்பாக்கும் பூஞ்சை வகையிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள். ஸ்டாட்டினுக்குப் பயந்து, அளவே தெரியாத ஸ்டாட்டினைச் சாப்பிடுவதாகிவிடும். தசைவலிக்கென்று சிலர் வாங்கும் கோ-கியூ 10 சத்து மாத்திரைக்குச் செலவு செய்யுமளவு ஆதாரம் சேரவில்லை. வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதற்காகச் சாப்பிடுங்கள், இந்தக் குடைச்சலுக்காக அல்ல.

டாக்டரிடம் போகும்போது பழைய மாத்திரை அட்டையையே கொண்டுபோங்கள். வலி ஒரு காலிலா இரண்டிலுமா, மாத்திரை தொடங்கி எத்தனை வாரத்தில் வந்தது, நிறுத்திய பிறகு எப்போது விட்டது என்பதை அட்டையின் பின்புறமே எழுதிக்கொள்ளலாம். ஒரு காலில் மட்டும், நடந்தால் பிடித்து நின்றால் விடுகிற கெண்டைக்கால் வலி என்றால், அது காலின் ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு இந்த மாத்திரை மற்றவர்களைவிட அதிகம் தேவை.