லெஜியோனெல்லா (தண்ணி லைன்ல வளர்ற நிமோனியாக் கிருமி) ஆய்வுன்னு 78,000 ரூபாய் போச்சுங்க. லாட்ஜ், ஹாஸ்டல் வச்சிருக்கறவங்க படிச்சுட்டுப் போங்க

டெஸ்டுன்னு காசு வாங்கிட்டுப் போன பையன் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். மச்சான் போன்ல இருந்து போட்டா மணி அடிக்குது, என் குரலைக் கேட்டதும் கட். அந்தக் கோவத்துலதான் எழுதறேன். பேர் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு வீட்டுல பயப்படறாங்க, அதனால பேர் இல்லீங்க. வேலைக்கு ஆள் பிடிச்சுத் தர்ற ஆப் ஒண்ணு, அதுல பச்சை டிக் வாங்கின 'வாட்டர் சேஃப்டி' கம்பெனி. அவ்வளவு தெரிஞ்சாப் போதும்.

திருப்பூர்ல லாட்ஜ் நடத்தறோம். பனியன் ஆர்டருக்கு வர்ற வெளிநாட்டு பையர்ங்கதான் எங்களுக்கு மெயின். அதுல ஒரு ஆபீஸ்ல இருந்து, தண்ணி லைனுக்கு லெஜியோனெல்லா ரிஸ்க் அசெஸ்மென்ட் இல்லாம எங்க ஆளுங்களைத் தங்க வைக்க மாட்டோம்னு மெயில் வந்துச்சு.

அதுக்குத்தான் ஆப்ல அந்தக் கம்பெனியப் பிடிச்சேன். அங்க இருந்து வந்த பையன் நம்மூருப் பேச்சு. "ஏனுங்ண்ணா, தண்ணியக் குடிச்சு வர்றதில்லீங்க இது. ஷவர்ல இருந்து பொகை மாதிரி வர்ற சாரலை மூச்சுல இழுத்தா நுரையீரல்ல போய் உக்காந்துக்கும்"னான். 1976ல அமெரிக்காவுல பிலடெல்பியா ஹோட்டல் ஒண்ணுல மாநாட்டுக்கு வந்தவங்க காய்ச்சல்ல விழுந்து 34 பேர் செத்த கதையைச் சொன்னான். 20 டிகிரில இருந்து 45 டிகிரி வரைக்கும் அந்தக் கிருமி நல்லா வளரும், சுடுதண்ணி டேங்க்ல 60 இருக்கணும், குழாய்ல வர்றப்ப 50க்குக் கொறையக் கூடாதுன்னான். மொட்டைமாடி சோலார் டேங்க்கைத் தொட்டுப் பார்த்து, "மழைக்காலத்துல இது வெதுவெதுன்னு நிக்குமுங்ண்ணா, அதான் ஆபத்து"ன்னான். சொன்னது எதுவும் பொய்யில்ல, நான் அப்பறம் விசாரிச்சுட்டேன். அத்தனையும் தெரிஞ்ச ஆளு ஏமாத்துவான்னு எப்படி நெனைக்கறது? மாடில நின்னே 78,000 ரூபாயும் ஜிபே பண்ணினேன்.

சனிக்கிழமை சாம்பிள் எடுத்தாங்க. காலி மினரல் வாட்டர் பாட்டில்ல! ஷவரைக் கழட்டிக் கூடப் பார்க்கல. நம்மூரு போர் தண்ணிக்கு ஷவர் ஓட்டையெல்லாம் உப்பு படிஞ்சு கெடக்கும், அந்தப் படிவுலதான் கிருமி ஒட்டிக்கும். தெர்மாமீட்டர் கொண்டு வரல, தண்ணில உப்பு அளவு காட்டற டிடிஎஸ் மீட்டரை முக்கி எடுத்துட்டுக் கெளம்பிட்டாங்க. திங்கக்கிழமை ரிப்போர்ட் வந்துருச்சு, 'கல்ச்சர் டெஸ்ட், கிருமி இல்லை'ன்னு. பையர் ஆபீஸ்ல ஒரே நிமிஷத்துல தூக்கிப் போட்டுட்டாங்க. கல்ச்சர்னா வளர்த்துத்தான் பார்க்கணும், இல்லைன்னு முடிவு சொல்ல பத்து நாள் வரைக்கும் ஆகும். அது போக எங்க கூலிங் டவர் (பெரிய சென்ட்ரல் ஏசிக்குத் தண்ணிய ஆற வைக்கறது) நல்ல நிலையில இருக்காம். எங்ககிட்ட இருக்கறதெல்லாம் ஸ்பிளிட் ஏசிங்க! எந்த ஆஸ்பத்திரிக்கோ எழுதுன ரிப்போர்ட்ல எங்க பேரை ஒட்டியிருக்கான்.

கேட்டா, "லேப்ல சொல்லிருக்கேனுங்ண்ணா." அடுத்து, "மேனேஜர் லீவுங்ண்ணா." அப்பறம், "ரிப்போர்ட் குடுத்தாச்சே, ரீஃபண்ட் வராதுங்க." அந்த 'அண்ணா' எங்க போச்சுன்னு தெரியல. ஆப் கம்பெனில கேட்டா, நாங்க அறிமுகம்தான் பண்றோம், பணத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு ஒரே மெசேஜைத் திரும்பத் திரும்ப அனுப்பறாங்க. அப்ப அந்தப் பச்சை டிக் என்னத்துக்கு? ஜிஎஸ்டி பில்லும் இன்னும் வரல. 78,000 ரூபாய்ங்க. சீசன் இல்லாத மாசத்துல எங்க ஆளுங்க சம்பளமே அவ்வளவு வராது. பையர் புக்கிங்கும் கேன்சல்.

என்ன பார்க்கணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் உக்காந்தேன், முடியல. சுருக்கமாச் சொல்றேன். என்ஏபிஎல் (லேபுங்களுக்கு அங்கீகாரம் தர்ற அமைப்பு) நம்பர் குடுத்தா நம்பிராதீங்க, அந்த லேபுக்கு லெஜியோனெல்லா டெஸ்டுக்கே அங்கீகாரம் இருக்கான்னு என்ஏபிஎல் வெப்சைட்ல பாருங்க. சாம்பிள் பாட்டில் கிருமி நீக்கினதா இருக்கணும், உள்ள சோடியம் தயோசல்ஃபேட் போட்டிருக்கணும். இல்லைன்னா தண்ணில இருக்கற குளோரினே வழியில கிருமியக் கொன்னுரும், ரிப்போர்ட் சுத்தம்னு வரும். ஆளில்லாத ரூம்ல வாரம் ஒருக்கா குழாயையும் ஷவரையும் தொறந்து ஓட விடுங்க, அதுக்கு எவனுக்கும் காசு தர வேண்டியதில்ல. ரிப்போர்ட் சரியான்னு பார்க்காம முழுப்பணம் குடுக்காதீங்க.

1915ங்கற கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் பதிஞ்சிருக்கேன். கோயமுத்தூர், ஈரோடு, கரூர் பக்கம் இதே மாதிரி 'கூலிங் டவர்' ரிப்போர்ட் வாங்கினவங்க இருந்தா சொல்லுங்க, சேர்ந்து கேஸ் போடலாம்.