கடைமடைக்காரன் கையில் தால்முத்

யூத மத நூல்களை வீட்டில் இருந்தபடியே ஆங்கிலத்தில் படிக்க எதை வாங்கலாம் என்று தேடுகிறீர்களா? முதலில் எதையும் வாங்காதீர்கள். வாங்கிவிட்டுத்தான் சொல்கிறேன். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவுக்கு ஹெர்பர்ட் டான்பி செய்த மொழிபெயர்ப்பு, 1933ல் ஆக்ஸ்போர்டில் வந்தது, பழைய புத்தகம் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் 'நல்ல நிலை' என்று போட்டிருந்ததை நம்பி வரவழைத்தேன். திருத்துறைப்பூண்டிக்கு வந்து சேர்ந்தபோது அட்டை தனி, புத்தகம் தனி.

மொழிபெயர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். கி.பி. 200 வாக்கில் தொகுத்த சட்டங்கள், 63 பகுதிகளும் ஒரே தடிப் புத்தகத்தில். ஆனால் மிஷ்னா நம் சூத்திரம் மாதிரி, ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கித்தின் என்பது விவாகரத்துப் பத்திரம் பற்றிய பகுதி. அதன் 5ஆம் அத்தியாயத்தில் திடீரென்று, வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டிதான் முதலில் நிரம்பும், எல்லாம் ஊர் சமாதானத்துக்காக என்று வருகிறது. ஜூன் 12 மேட்டூரைத் திறந்தாலும் மேலே எல்லாரும் பாய்ச்சிய மிச்சத்துக்குக் காத்துக்கிடக்கும் எனக்கு எப்படி இருக்கும்! யாருக்குச் சமாதானம் என்று கேட்டால் டான்பியிடம் பதில் இல்லை.

பதில் மிஷ்னாவை வரிவரியாக எடுத்து விவாதிக்கும் தால்முத்தில் இருக்கிறது. யூத நூல்களுக்கான செஃபாரியா தளத்தில், ஸ்டைன்சால்ட்ஸ் என்ற யூத குருவின் விளக்கத்தோடு வந்த பதிப்பின் ஆங்கிலம் இலவசமாகவே கிடைக்கிறது. மூலத்தின் சொற்கள் தடித்த எழுத்தில், சேர்த்த விளக்கம் சாதா எழுத்தில், எது மூலம் எது உரை என்ற குழப்பமே இல்லை. (நம் உரைப் பதிப்புகளில் எத்தனையில் இந்த நாணயம் உண்டு?) கித்தின் 60ஆம் தாள், பின்பக்கம் பாருங்கள். ஆற்றோர வயல்காரர்களில் முதல் தண்ணீர் யாருக்கு? கீழே இருப்பவனுக்கு என்கிறார் ராவ், மேலே இருப்பவனுக்கு என்கிறார் ஷ்முவேல். இரண்டு பேரும் பாபிலோனியாவின் யூத அறிஞர்கள், ஆறும் கால்வாயுமாக வாழ்ந்த சீமை அது. தண்ணீர் தானாக ஓடினால் தகராறு இல்லை, மறித்துப் பாய்ச்சும்போதுதான் என்று அங்கேயே பிரித்துவிடுகிறார்கள். அந்தத் தொட்டி வரியையும் ராவுக்கு எதிராக இழுத்துப் போட்டு அலசுகிறார்கள். கடைசியில் இப்படியும் தீர்ப்பு இல்லை, அப்படியும் இல்லை, அதனால் பலம் உள்ளவன் எடுத்துக்கொள்வான் என்று முடிகிறது. எங்கள் மதகுப் பக்கம் வந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

குறை என்றால், போனில் நீளமாகப் படித்தால் கண் எரிகிறது. நடுநடுவே ஹீப்ரு எழுத்தில் வரும் மூலத்தை வேண்டாம் என்றால் மறைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பக்கத்தைத் தலைமடையில் நிலம் வைத்திருக்கும் மச்சானுக்கு அனுப்பினேன். ஷ்முவேல் விவரமான ஆள் என்று பதில் போட்டிருக்கிறார்.