டர்பனில் 4,650 ராண்டும் 24 நாளும் போச்சு: தமிழ்ப் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். இன்று திங்கள். அடிவயிற்று வலி இன்னும் முழுசாக விடவில்லை, ஆனால் இதை இப்போதே எழுதாவிட்டால் கோபம் ஆறிப்போய் எழுதாமலே விட்டுவிடுவேன். கருக்கலைப்புக்காகத் தேடிப் போய் நான் ஏமாந்த இடத்தின் பெயரைப் போடவில்லை. 'கர்ப்ப ஆலோசனை மையம்' என்று பலகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடங்களில் ஒன்று என்று மட்டும் சொல்கிறேன். என்ன நடந்தது, நீங்கள் எப்படித் தப்பிக்கலாம், இரண்டையும் எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்துப் பெண். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து ஏழு வருஷமாகிறது. இரண்டு பிள்ளைகள். சின்னவன் தாய்ப்பாலை மறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கணவர் வேலை பார்த்த கிடங்கை மார்ச்சில் மூடிவிட்டார்கள். இந்த நிலைமையில் மூன்றாவது தங்கியது. நானும் அவரும் இரண்டு ராத்திரி பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவுக்கு நான் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊரில் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் 'வலியில்லாத கருக்கலைப்பு, ஒரே நாளில்' என்று போன் நம்பரோடு காகிதம் ஒட்டியிருப்பார்கள். அது உயிருக்கே ஆபத்து என்று தெரியும், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. நல்ல இடமாகத் தேடினேன். போனில் தேடியதும் முதலில் வந்தது இந்த மையம்தான். 'கருக்கலைப்பு பற்றி யோசிக்கிறீர்களா? ரகசியமாகப் பேசலாம், முதல் ஆலோசனை இலவசம்.' இந்த வரியைப் படித்தால் யாருக்குத்தான் அது கிளினிக் என்று தோன்றாது?

ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். சுத்தமான ஹால், சுவரில் குழந்தைப் படங்கள், மேஜைக்குப் பின்னால் குங்குமம் வைத்த ஓர் அம்மா. என் பெயரைப் பார்த்ததும் அவர் தமிழில் பேசினார். "வா கண்ணு, உக்காரு. ஈஸ்டர் சமயம் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில்ல உன்னைப் பாத்த மாதிரி இருக்கே?" என்றார்.

டர்பனில் இருப்பவர்களுக்கு இது புரியும். இங்கே நம் ஆட்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள், தேவாரம் பாடுகிறார்கள், காவடி எடுக்கிறார்கள், ஆனால் கடைத்தெருவில் ஒருவர் தமிழில் பேசிக் கேட்பது அபூர்வம். என் கணவருக்கே பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. பெற்ற அம்மா பக்கத்தில் இல்லாத ஊரில், அந்த ஒரு 'கண்ணு'வில் நான் விழுந்துவிட்டேன். அவர் நீட்டிய படிவத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். 'அவசரத்துக்கு வேறொரு நம்பர்' என்று கேட்ட இடத்தில் என் மாமியாருடைய நம்பரையும் எழுதிக் கொடுத்தேன்.

ஆலோசனை இலவசம்தான். ஆனால் ஸ்கேனுக்கு 650 ராண்ட். அதே அம்மாதான் மேல்கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து வயிற்றில் ஜெல் தடவினார். அவர் டாக்டரா நர்ஸா என்று நான் கேட்கவில்லை. திரையை என் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்து, துடிப்பைக் காட்டி, சத்தத்தையும் கூட்டி வைத்தார். பிறகு கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ரோஸ் நிற பிளாஸ்டிக் பொம்மையை வைத்தார். சின்ன விரல், சின்னக் காது எல்லாம் வைத்துச் செய்திருந்தார்கள். "இதான் கண்ணு உள்ள இருக்கு" என்றார். அந்தப் பொம்மை பன்னிரண்டு வார அளவு என்று பிறகு தெரிந்தது. எனக்கு அவர் சொன்னதோ ஏழு வாரம்.

கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியை நான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அதன்படி ஒன்பது வாரம் முடிந்திருந்தது. "என் கணக்குல ஒன்பது வருதேம்மா" என்றேன். "பால் குடுக்கற பொம்பளைங்க கணக்கு தப்பும், மெஷின் தப்பாது. உனக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு, ஏன் பறக்கற?" என்றார். ஒரு துண்டுக் காகிதத்தில் '7' என்று எழுதிக் கொடுத்தார். அதில் மையத்தின் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனையும் கவுன்சலிங்கும் சேர்த்து 1,500. 'ஆஸ்பத்திரியில் இடம் பிடிக்க' முன்பணம் 2,500. மொத்தம் 4,650 ராண்ட். பெரியவளின் பள்ளிக்கூடப் பணத்திலிருந்து எடுத்த காசு அது. "நாங்களே தேதி வாங்கித் தர்றோம், நீயா எங்கயும் போய் நிக்காத, பேரு ரெண்டு எடத்துல இருந்தா கேன்சல் பண்ணிடுவாங்க" என்று சொல்லி, பதினேழு நாள் தள்ளி ஒரு வெள்ளிக்கிழமையைக் கொடுத்தார்கள்.

கவுன்சலிங் என்ற பெயரில் ஒன்றேகால் மணி நேரம் என்னைப் பயமுறுத்தினார்கள். மார்பில் புற்றுநோய் வரும், இனிமேல் பிள்ளையே தங்காது, கணவர் கையெழுத்துப் போடாமல் எந்த டாக்டரும் தொட மாட்டார், இப்படியே போனது. இதில் ஒன்றுகூட உண்மை இல்லை. புற்றுநோய் விஷயத்தை 16 நாடுகளில் நடந்த 53 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, கருக்கலைப்பால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடுவதில்லை என்று 2004-லேயே லான்செட் மருத்துவ இதழில் போட்டுவிட்டார்கள். முறையான இடத்தில் செய்தால் அடுத்து பிள்ளை தங்குவதற்கும் தடையில்லை. கையெழுத்து விஷயத்தில் சட்டமே தெளிவாக இருக்கிறது: சுயநினைவோடு முடிவெடுக்கிற பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். பதினெட்டு வயது ஆகாத பெண்ணாக இருந்தால் பெற்றோரிடமோ பெரியவர்களிடமோ பேசச் சொல்லி அறிவுரை சொல்லலாம். அவள் பேச விரும்பவில்லை என்பதற்காக மறுக்க முடியாது.

நடுவில் பத்து தடவையாவது போன் செய்திருப்பேன். ரத்த ரிசல்ட் வரவில்லை. லேபில் மெஷின் பழுது. டாக்டர் கேப் டவுன் போயிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை சின்னவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, டாக்ஸி பிடித்து, வெறும் வயிற்றோடு போய் நின்றேன். "இன்னிக்கு இல்லம்மா, அடுத்த வாரம் பாக்கலாம்." கண்ணு போய் அம்மா ஆகியிருந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கவுன்சலிங் பணம் திரும்ப வராது, படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்க." அப்புறம் அந்த 2,500 முன்பணம்? "அது அக்கவுண்ட்ஸ்ல கேக்கணும்." அக்கவுண்ட்ஸ் நம்பர் இன்றுவரை அடித்துக்கொண்டே இருக்கிறது. வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் இல்லை.

திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். அங்கே ஸ்கேன் எடுத்த சிஸ்டர் சொன்ன வார்த்தை, "பதின்மூன்று வாரம்." நான் போட்ட வட்டம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

இந்த நாட்டுச் சட்டம் 1996-ல் வந்தது, 1997 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் 12 வாரத்துக்குள் ஒரு பெண் கேட்டாலே போதும், காரணம் சொல்ல வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் காசும் கிடையாது. பதின்மூன்றிலிருந்து இருபது வாரம் வரை என்றால், சட்டம் சொல்கிற காரணங்களில் ஒன்று இருக்கிறது என்று டாக்டர் ஒருவர் கருத வேண்டும். உடல்நலம், மனநலம், கருவில் குறை, பலாத்காரம், குடும்பத்தின் பொருளாதார நிலைமை, இவையெல்லாம் அதில் அடங்கும். அதைச் செய்கிற ஆஸ்பத்திரிகளும் குறைவு. கவுன்சலிங்கைக் கட்டாயப்படுத்தக் கூடாது, எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த 12 என்ற எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் அந்த மையத்துக்காரர்கள் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். 4,650 ராண்டை எப்படியாவது சம்பாதித்துவிடலாம். அவர்கள் தின்றது என் 24 நாளை. முதல் செவ்வாய்க்கிழமையே நேராக வந்திருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்கும் என்று சிஸ்டர் சொன்னபோது எனக்கு அழுகைகூட வரவில்லை.

அங்கிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மேலும் பத்து நாள். வார்டில் ஒரு ராத்திரி முழுக்க வலி. அந்த சிஸ்டர்களைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவர் போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனார்.

கருக்கலைப்பு பாவம் என்று நம்புகிறவர்கள் மேல் எனக்குச் சண்டை இல்லை. என் மாமியாரே அப்படி நம்புகிறவர்தான். இந்தச் சட்டத்தை எதிர்த்து கிறிஸ்டியன் லாயர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு உயர் நீதிமன்றத்துக்கே போனது. 1998-லும் 2004-லும் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. அது சரி, வெளிச்சத்தில் நின்று, பெயரைச் சொல்லி வாதாடினார்கள். மையத்துக்காரர்களே, நீங்களும் உங்கள் பலகையில் 'நாங்கள் கருக்கலைப்புக்கு எதிரானவர்கள், இங்கே அது நடக்காது' என்று எழுதி வையுங்கள். விருப்பமுள்ளவர்கள் வருவார்கள். கிளினிக் மாதிரி வேஷம் போட்டு, வாரத்தைக் குறைத்துச் சொல்லி, பிள்ளையின் பள்ளிக்கூடக் காசைப் பிடுங்குவது எந்த சாமிக்கு அடுக்கும்?

இதோடு விட்டார்களா? நான் பணம் கேட்ட மறுநாளிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸப்பில் குழந்தை அழுகிற சத்தம் வரும். ஒரு நம்பரைத் தடுத்தால் அடுத்த நம்பர். புதன்கிழமை அந்த அம்மா என் மாமியாருக்கே போன் போட்டு, "உங்க மருமக என்ன செய்யப் போறான்னு தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். கருக்கலைப்பு கேட்கிற பெண்ணின் அடையாளம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. சட்டப்படி நடக்கிற கருக்கலைப்பைத் தடுத்தாலோ, அதற்கான இடத்துக்குப் போகவிடாமல் மறித்தாலோ பத்து வருஷம் வரை சிறை. போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தனிப்பட்ட விவரத்தை இப்படி வெளியே விட்டதற்காகத் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் புகார் எழுத வேண்டும்.

எச்சரிக்கைகளை விளக்கமாக எழுத நினைத்தேன், உட்கார முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து நீங்களே எண்ணுங்கள். போனை எடுத்ததும் "நீங்கள் கருக்கலைப்பு செய்வீர்களா, அதற்கு அரசு அனுமதி இருக்கிறதா" என்று நேராகக் கேளுங்கள். "வாங்க, பேசலாம்" என்று பதில் வந்தால் வைத்துவிடுங்கள். நேரே அரசு கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போங்கள், ஒரு நாளும் தள்ளாதீர்கள். அங்கே ஒருவர் முகம் சுளித்தால் எங்கே போக வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். நான் 4,650 கொடுத்தேன், கையில் இருப்பது '7' என்று எழுதிய அந்தத் துண்டுக் காகிதம் மட்டும்தான். வீட்டில் யாருடைய நம்பரையும் எழுதிக் கொடுக்காதீர்கள். அத்தை என்னோடு பேசி இன்றோடு பதிமூன்று நாள் ஆகிறது. காலையில் என் கட்டில் பக்கத்தில் மிளகு ரசம் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார்.