பில்லா, சராசரியா, மீட்டரா: பனியனின் சுற்றுச்சூழல் கணக்கு

ஆடை நிறுவனம் தன் கடைகளின் மின்கட்டணத்தைக் கூட்டிக் காட்டுவது சுலபம். ஆனால் சுற்றுச்சூழல் சுமையில் பெரும்பங்கு வெளியே, நூற்பாலையிலும் சாயப்பட்டறையிலும் இருக்கிறது. 2011-இல் வந்த ஜிஹெச்ஜி புரோட்டோகால் என்ற பசுங்குடில் வாயுக் கணக்கு விதிகளின் ஸ்கோப் 3 தரநிலை (நிறுவனத்துக்கு வெளியே, சப்ளையர் முதலானோரிடம் எழும் உமிழ்வுக்கானது), இந்தக் கணக்கைப் பல வழிகளில் போட அனுமதிக்கிறது. எது உண்மைக்குப் பக்கத்தில் வரும்? திருப்பூர் பனியனை வைத்தே பார்க்கலாம்.

முதல் வழி, கொடுத்த பணத்தை வைத்துப் போடுவது. துணிக்கான தொகையை, ரூபாய்க்கு இவ்வளவு கார்பன் என்ற துறை சராசரியால் பெருக்கினால் முடிந்தது. பில்கள் போதும். ஆனால் பையர், அதாவது துணி வாங்கும் ஆடை நிறுவனம், அடித்துப் பேசி விலையைக் குறைத்தால் கார்பனும் குறைந்ததாகக் காட்டும். பட்டறைக்கு நியாயமான கூலி கொடுத்தவர் கணக்கில் அது ஏறும். இதை வைத்து ஒருவரைப் பாராட்டுவது அநியாயம். சுமை எங்கே குவிந்திருக்கிறது என்று முதல் தடவை தேட மட்டும் சரி.

எடையை வைத்துப் போட்டால் இந்த விலைக் கோளாறு போய்விடும். கிலோ துணிக்கு இவ்வளவு என்று தரவுத்தளமே சொல்லும். ஆனால் நல்ல பட்டறைக்கும் மோசமான பட்டறைக்கும் ஒரே எண்தான். ஆடைத் துறையினர் பயன்படுத்தும் ஹிக் குறியீட்டின் இத்தகைய சராசரிகளைக் காட்டி ஓர் ஆடையைப் பசுமையானது என்று விளம்பரம் செய்வது நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் என்று 2022-இல் நார்வே நுகர்வோர் ஆணையம் சொன்னது இதனால்தான்.

மூன்றாவது, பட்டறையின் மீட்டரையே படிப்பது. என் ஓட்டு இதற்குத்தான். நொய்யல் ஆற்றை மாசுபடுத்திய திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் ஜீரோ டிஸ்சார்ஜ் (கழிவுநீரை வெளியே விடாத முறை) இல்லாமல் அங்கே தொழில் செய்ய வழியில்லை. கழிவுநீரை ஆர்.ஓ.வில் வடித்து, மிஞ்சிய உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கிறார்கள். இதற்கு மின்சாரமும் நீராவியும் ஏராளமாக வேண்டும். ஆகவே கார்பனை மட்டும் அளந்தால், கழிவை ஆற்றில் விடும் பட்டறை திருப்பூரை முந்திவிடும்! மீட்டர் கணக்கில் தண்ணீருக்கும் உப்புக்கும் தனிப் பத்தி இருந்தே ஆகவேண்டும். சொந்தக் காற்றாலை வைத்திருப்பவரின் மின்சாரமும் அப்போதுதான் தெரியவரும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. ஒரே பட்டறையில் பல பையர்களின் லாட் (ஒரு தடவையில் சாயமேற்றும் துணித் தொகுதி) ஓடும். கிலோ கணக்கில் பங்கு பிரித்தால், உப்பை அதிகம் குடிக்கும் கருப்பு, நேவி ப்ளூவின் சுமை வெளிர் நிறங்களின் தலையில் ஏறிவிடும். அப்புறம், ஒவ்வொரு பையரும் ஒவ்வொரு படிவம் நீட்டுகிறார்.

எனவே கூரியர், அட்டைப்பெட்டிக்குப் பில் போதும். எந்த வயல் என்று தெரியாத பருத்திக்குச் சராசரி. சாயத்துக்கு மட்டும் மீட்டர்தான், அதுவும் லாட் வாரியாக. அந்த மீட்டருக்கான செலவைப் பையர் ஏற்கவேண்டும்.