வீட்டுத் தையலுக்கு வாங்கிய சின்ன மோட்டார் மெஷின்: ஒரு வருடத்துக்குப் பிறகு

வேலை முடிந்து வந்தால் கைக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருக்கும், அதற்காகத்தான் இதை வாங்கினேன். தலையணை உறை, துணிப்பை, மிச்சத் துணியில் பென்சில் பவுச், கடைசியாக எனக்கே ஒரு சட்டை வரை தைத்துவிட்டேன், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்ட நாள் அவ்வளவு சந்தோஷம்!

பருத்தித் துணிக்கு 90/14 அளவு ஊசி (எண் கூடக்கூட ஊசி தடிமன்) போட்டால் தையல் சீராக விழுகிறது. மெல்லிய துணி என்றால் 75/11க்கு மாறிவிடுங்கள், இல்லையென்றால் துணி சுருங்கி இழுக்கும். ஜீன்ஸ் மட்டும் ஒத்துவரவில்லை. 100/16 ஊசி போட்டும், நாலு மடிப்பு சேரும் இடத்தில் மோட்டார் திணறி நின்றுவிடுகிறது, அங்கே சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் கடக்கிறேன்.

முதல் வாரம் துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கியது. அடிநூல் சுற்றியிருக்கும் பாபினில்தான் கோளாறு என்று அதையே கழற்றிக் கழற்றி மாட்டினேன், ஆனால் காரணம் மேல்நூல். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கோத்தால்தான் நூல், அதன் இறுக்கத்தைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காரும். கையேட்டில் இதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

காஜா (பொத்தான் துளை) நாலு கட்டமாக எடுக்கிறது, முதலில் கோணலாக வந்தது, அப்புறம் பழகிவிட்டது. விளக்கு மங்கல்தான், கறுப்புத் துணி தைக்க இன்னொரு விளக்கு பக்கத்தில் வேண்டும்.